குரல் வாக்கெடுப்பில் யார் குரல்? – ஊனமுற்றோர் சட்டங்களும் அவையின் வருகைப் பதிவேடும்

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையும் இராயபுரமும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்த மருத்துவமனைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கைக்கு மட்டுமே அறுவை சிகிச்சை செய்யும் தனிப் பிரிவு ஒன்று 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியால் இங்கே வளர்ந்தது. பிறகு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்து கற்றுக்கொள்ளும் இடமாக அது மாறியது.

இப்படி ஒரு பிரிவு இங்கே வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. தெற்கே துறைமுகம், காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம், வடக்கே திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை வரிசையாகத் தொழிற்சாலைகள், அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். பிரஸ் மெஷின், லேத், கிரேன் கொக்கி, கன்டெய்னர் லாரி என்று கையோடும் காலோடும் விளையாடுகிற வேலைகள்தான் இந்தப் பகுதியின் பிழைப்பு.

விபத்தில் விரலோ கண்ணோ போனவருக்குக் காயம் ஆறிய பிறகு இன்னொரு வேலை காத்திருக்கிறது. போனது எத்தனை சதவீதம் என்று தெரிந்துகொள்வது. அந்தச் சதவீதத்தைப் பொறுத்துத்தான் நஷ்ட ஈடு, பஸ் பாஸ், உதவித்தொகை, வேலை இடஒதுக்கீடு எல்லாமே. இந்தச் சதவீதங்களை எழுதி வைத்தது சட்டம். சட்டத்தை இயற்றியது அவை. அப்படியானால் அந்தச் சட்டங்கள் வாக்கெடுப்புக்கு வந்த நாளில் அவையில் யார் யார் இருந்தார்கள்? கேள்வி எளிமையானது. பதில் தேடப் போனால்தான் இந்திய நாடாளுமன்ற வரலாற்றின் ஒரு விசித்திரமான பக்கம் தெரிய வருகிறது.

விரலுக்கு ஒரு எண்

உடல் உறுப்பு இழப்பைச் சதவீதத்தில் அளக்கும் வழக்கத்தை இந்தியத் தொழிலாளிக்குக் கொண்டு வந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1918 ஏப்ரலில், பெரம்பூர் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டிருந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இழப்பீட்டுச் சட்டத்தோடு ஒரு அட்டவணை சேர்ந்தே வருகிறது. அந்த அட்டவணை பின்னாளில் திருத்தப்பட்டு நிலைத்த வடிவத்தில், கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் முழுதும் போனால் 12. ஒரு கையே போனால் 60. ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் 40. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்பதற்கான கணக்கு இது. படிக்கும்போது இறைச்சிக் கடை விலைப் பட்டியல் போலத் தோன்றினாலும், அதற்கு முன்னால் தொழிலாளிக்கு இதுவும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தச் சட்டத்தை நிறைவேற்றிய டெல்லி மத்தியச் சட்டசபையில் தொழிலாளர் சார்பில் பேச என்.எம். ஜோஷி போன்ற நியமன உறுப்பினர்தான் இருந்தார். சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும் மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் அந்தச் சபைக்கு யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. எனவே 'நம் உறுப்பினர் அன்று சபையில் இருந்தாரா' என்று கேட்க அவர்களுக்கு ஓர் உறுப்பினரே கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1957 பொதுத்தேர்தலில் வடசென்னைத் தொகுதி எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையை மக்களவைக்கு அனுப்பியது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 1940களில் மெட்ராஸ் லேபர் யூனியனின் தலைவராக இருந்தவர், துறைமுகத் தொழிலாளர்களின் தலைவர். விலைப் பட்டியலில் தங்கள் விரலைத் தேடிய மக்களே தங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்பிய தேர்தல் அது. அதே 1957இல்தான் மக்களவையில் பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் மின் கருவியும் பொருத்தப்பட்டது. எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று பெயரோடு பதிவு செய்ய வழி பிறந்துவிட்டது. அந்த வழியில் ஊனமுற்றோர் சட்டங்கள் எவ்வளவு தூரம் நடந்தன என்பதுதான் அடுத்த கேள்வி.

அவையில் இருப்பது என்றால் என்ன?

இதைப் புரிந்துகொள்ள அவையின் சில நடைமுறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கோரம். அரசியல் சாசனத்தின் 100ஆவது பிரிவின்படி மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தாலே அவை நடக்கலாம். மக்களவைக்கு அது 55 பேர், மாநிலங்களவைக்கு 25 பேர். அந்த அளவுக்கும் ஆள் இல்லை என்றால்கூட, யாராவது எழுந்து சுட்டிக்காட்டாத வரை அவை பெரும்பாலும் தொடர்ந்து நடக்கும்.

இரண்டாவது, வருகைப் பதிவேடு. இந்தக் கட்டுரையில் வரும் சட்டங்கள் நிறைவேறிய காலத்தில் உறுப்பினர்கள் அவைக்கு வெளியே லாபியில் வைத்திருந்த பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்து இருந்தால்தான் தினப்படி கிடைக்கும். காலை 11 மணிக்குக் கையெழுத்திட்டுவிட்டு 11.15க்கு வெளியேறினாலும் அன்று அவர் வந்தவர்தான். அமைச்சர்கள் இதில் கையெழுத்திடுவதில்லை. அவர்கள் எத்தனை நாள் வந்தார்கள் என்பதை இந்தப் பதிவேடு சொல்லாது. பத்திரிகைகளில் 'எம்.பி.யின் வருகை 85 சதவீதம்' என்று வரும் கணக்குகள் எல்லாம் இந்தக் கையெழுத்தை வைத்துத்தான்.

மூன்றாவது, வாக்கெடுப்பு. சாதாரண மசோதா என்றால் சபாநாயகர் முதலில் குரல் வாக்கெடுப்புக்கு விடுவார். ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று அவர் காதால் முடிவு செய்வார். அந்த முடிவை யாராவது ஏற்க மறுத்தால்தான் டிவிஷன். அப்போது மணி அடிக்கும், லாபி காலி செய்யப்படும், மூன்றரை நிமிடம் கழித்துக் கதவுகள் மூடப்படும், பிறகு பெயர் பெயராக வாக்கு பதிவாகும். டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிட்டும் முடிக்கலாம். அதில் பெயர்கள் பதிவாகாது.

அரசியல் சாசனத் திருத்தம் என்றால் டிவிஷன் கட்டாயம். 2023 செப்டம்பர் 20இல் பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454 – 2 என்று நிறைவேறியது. அந்த இரண்டு பேர் யார் என்பது மறுநாளே நாடு முழுக்கத் தெரிந்தது. அதேபோல் கட்சிகள் மோதிக்கொள்ளும் மசோதா என்றால் கொறடா உத்தரவு போகும், எல்லோரும் ஓடி வருவார்கள். வக்பு திருத்த மசோதாவுக்காக 2025 ஏப்ரல் 3 அதிகாலை வரை மக்களவை உறுப்பினர்கள் விழித்திருந்து 288 – 232 என்று வாக்களித்தார்கள். ஆக, ஒரு மசோதாவில் யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஒன்று அது சாசனத் திருத்தமாக இருக்க வேண்டும், அல்லது யாராவது அதற்காகச் சண்டை போட வேண்டும்.

1995: தேர்தலுக்கு முந்தைய குளிர்காலம்

சுதந்திர இந்தியாவில் ஊனமுற்றோர் உரிமைக்கென ஒரு முழுச் சட்டம் வர 48 ஆண்டுகள் ஆயின. 1992 டிசம்பரில் பீஜிங்கில் கூடிய ஆசிய பசிபிக் நாடுகள், 1993 முதல் 2002 வரையான பத்தாண்டுகளை ஊனமுற்றோருக்கான பத்தாண்டாக அறிவித்தன. இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. கையெழுத்திட்டால் சட்டம் வேண்டும். மசோதா தயாரானது.

1995 டிசம்பர் குளிர்காலக் கூட்டத்தொடரில் பி.வி. நரசிம்ம ராவ் அரசு கடைசிக் கட்டத்தில் இருந்தது. தொலைத்தொடர்பு உரிமங்கள் விவகாரத்தில் அமைச்சர் சுக்ராமுக்கு எதிராக எதிர்க்கட்சிகள் பல நாட்கள் அவையை முடக்கின. இன்னும் சில மாதங்களில் தேர்தல். இந்த அமளியில் மசோதா அப்படியே காலாவதியாகிவிடும் என்று பயந்த மாற்றுத்திறனாளிகள் ஜாவேத் ஆபிதி போன்றவர்கள் தலைமையில் டெல்லித் தெருவில் இறங்கினார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்களும், ஊன்றுகோலோடு வந்தவர்களும், பார்வையற்றவர்களும் கேட்டது ஒன்றுதான். உங்கள் சண்டையை அரை நாள் நிறுத்திவிட்டு இதை நிறைவேற்றுங்கள்.

நிறைவேறியது. 1996 ஜனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டின் முதல் சட்டமே அதுதான். பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை ஊனங்கள், அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு, சான்றிதழ் பெறக் குறைந்தது 40 சதவீத ஊனம் என்ற வரம்பு.

அப்போது வடசென்னையின் உறுப்பினர் தா. பாண்டியன். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பின்போது ராஜீவ் காந்தியின் உரையை மொழிபெயர்ப்பதற்காகச் சென்று, காயங்களோடு உயிர் தப்பியவர். உடலில் காயத்தின் தழும்போடு அவையில் அமர்ந்திருந்த உறுப்பினர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் இந்த மசோதாவுக்கு அவர் 'ஆம்' என்றாரா, அந்த நேரத்தில் இருக்கையில் இருந்தாரா என்று தொகுதிக்காரர் ஒருவர் ஒரு வாக்குப் பட்டியலை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. குற்றம் அவருடையது இல்லை. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறும் மசோதாவில் டிவிஷன் கேட்கும் வழக்கம் இல்லை. பாராட்ட வேண்டியிருந்தாலும் குறை சொல்ல வேண்டியிருந்தாலும் கையில் சான்று கிடையாது.

2016: வர்தா புயல் வாரம்

இரண்டாவது சட்டத்தின் கதையும் ஏறக்குறைய இதே போலத்தான், இன்னும் கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1இல் ஏற்றது. பழைய சட்டத்தை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தது. குழு அமைத்து, வரைவு எழுதி, திருத்தி, கடைசியில் 2014 பிப்ரவரி 7இல்தான் மல்லிகார்ஜுன கார்கே மாநிலங்களவையில் மசோதாவை அறிமுகம் செய்தார். அதுவும் 15ஆவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடர். தெலங்கானா விவகாரத்தில் அவையே ரணகளமாகி, பிப்ரவரி 13 அன்று மக்களவைக்குள் மிளகுப்பொடி ஸ்பிரே அடிக்கப்பட்ட கூட்டத்தொடர். மசோதா நகரவில்லை. மாநிலங்களவையில் அறிமுகமானதால் காலாவதியாகாமல் தப்பியது, அவ்வளவுதான்.

பிறகு நிலைக்குழு, மேலும் திருத்தங்கள் என்று இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் போனது. 2016 நவம்பர் 16இல் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியபோது, நவம்பர் 8இல் அறிவிக்கப்பட்ட பணமதிப்பு நீக்கம் நாட்டைப் புரட்டிப் போட்டிருந்தது. கூட்டத்தொடர் முழுவதும் அமளி. திட்டமிட்ட நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இரு அவைகளும் நடந்தன என்றே கணக்கிடப்பட்டது.

வடசென்னையில் அந்த டிசம்பரை யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள். ஏ.டி.எம். வாசலில் வரிசை. டிசம்பர் 5 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மறைவு. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஊன்றுகோல் ஊன்றி நடப்பவருக்குத் தெருவில் விழுந்து கிடக்கும் ஒரு வேப்ப மரம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இருட்டு நாட்களில், டிசம்பர் 14 அன்று மாநிலங்களவையும், கூட்டத்தொடரின் கடைசி நாளான டிசம்பர் 16 அன்று மக்களவையும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதாவை நிறைவேற்றின. சமூக நீதித்துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட் கொண்டு வந்த நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களோடு அது நிறைவேறியது. மக்களவையில் குரல் வாக்கெடுப்பு. மாதம் முழுக்க அடித்துக்கொண்ட கட்சிகள் இதற்காக மட்டும் ஒன்று சேர்ந்தன என்று பத்திரிகைகள் பாராட்டின. அந்தப் பாராட்டு நியாயமானதே. ஊன வகைகள் 7இலிருந்து 21 ஆயின. பாகுபாடு காட்டினால் தண்டனை என்றது புதிய சட்டம்.

ஆனால் அந்த ஒற்றுமையின் ஓரத்தில் இரண்டு விஷயங்கள் சத்தமில்லாமல் போயின. 2014 மசோதாவில் அரசு வேலை இடஒதுக்கீடு 5 சதவீதம் என்று இருந்தது. 2016இல் நிறைவேறியபோது அது 4. இன்னொன்று, 3ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு. ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, 'நியாயமான நோக்கத்தை அடைவதற்கு ஏற்ற அளவான வழி' என்று நிரூபித்தால் செய்யலாம் என்று விலக்கும் தருகிறது. எது நியாயமான நோக்கம் என்று யார் சொல்வது? உரிமை இயக்கத்தினர் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். இறுதியில் மசோதா மக்களவையில் ஒரே குரலில் போனபோது, இந்த வரிகளோடு சேர்த்துத்தான் போனது. எந்த உறுப்பினர் தெரிந்து 'ஆம்' என்றார், எவர் படிக்காமலே 'ஆம்' என்றார், எவர் கேண்டீனில் இருந்தார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அப்போது வடசென்னை உறுப்பினர் அ.தி.மு.க.வின் டி.ஜி. வெங்கடேஷ் பாபு. திருவொற்றியூர், இராயபுரம், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் மக்களுக்கு அவர்தான் அந்த அவையில் குரல். அன்றைய அந்தக் குரலைத் தேடிப் போகும் ஒருவருக்கு விவாதக் குறிப்புகள் கிடைக்கும், பேசியவர்கள் பெயர் கிடைக்கும். பேசாமல் உட்கார்ந்து ஆதரித்தவருக்கும் வராமலே போனவருக்கும் அதில் வித்தியாசம் கிடைக்காது.

இரண்டு சட்டம், ஒரு கண்

இந்த இடத்தில் ஓர் உதாரணம் பார்க்கலாம். பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் ஒருவருக்கு விபத்தில் ஒரு கண் போய்விட்டது. மறு கண் நன்றாக இருக்கிறது. இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி அவருடைய இழப்பு 40 சதவீதம். அதே மனிதர் ஊனமுற்றோர் சான்றிதழுக்குப் போனால், மத்திய அரசின் மருத்துவ மதிப்பீட்டு விதிகளின்படி ஒரு கண் பார்வை இழப்பு 30 சதவீதம். 1995 சட்டமும் 2016 சட்டமும் வைத்த வரம்போ 40. எனவே வேலை இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு அவர் தகுதியற்றவர்.

ஒரே கண்தான். ஒரு சட்டத்துக்கு 40, இன்னொரு சட்டத்துக்கு 30. முதலாவது சம்பாதிக்கும் திறனைப் பார்க்கிறது, இரண்டாவது பார்வைத் திறனைப் பார்க்கிறது என்று நிபுணர்கள் விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் 40 என்ற கோட்டை 1995இல் போட்டபோதும், 2016இல் அதையே தொடர்ந்தபோதும், 'இந்தக் கோடு இங்கேதான் இருக்க வேண்டும்' என்று பெயர் சொல்லி வாக்களித்த ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. சான்றிதழுக்குப் போகிறவர் மருத்துவக் குழுவின் முன் நேரில் ஆஜராகித் தன் ஊனத்தை நிரூபிக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஒப்புதல் கொடுத்தவர் ஆஜரானாரா என்பதற்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

2020: வெளியே நின்ற எதிர்க்கட்சிகள்

1923 சட்டம் 2010 ஜனவரியிலிருந்து 'பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்' என்ற புதுப் பெயரோடு தொடர்ந்தது. பிறகு 2020இல் அதையும் வேறு பல தொழிலாளர் சட்டங்களையும் ஒன்றாக்கி 'சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு' என்ற ஒரே சட்டம் கொண்டு வரப்பட்டது.

அது நிறைவேறிய சூழல் வேறு மாதிரியானது. 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் மீது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. அமளியைக் காரணம் காட்டிக் குரல் வாக்கெடுப்பிலேயே முடிக்கப்பட்டது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. அந்தப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோதே செப்டம்பர் 23 அன்று மாநிலங்களவையில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு உட்பட மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. 'இல்லை' என்று சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் வெளியே இருந்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் இந்தத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன.

வராமல் இருப்பதும் ஓர் அரசியல் செயல்தான். புறக்கணிப்பு என்பது பொறுப்பின்மை ஆகாது. டிவிஷன் கேட்டும் கொடுக்காத அவைக்குள் உட்கார்ந்து என்ன பயன் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் எண்ணூரில் விரல் போன ஒருவர் கண்ணோட்டத்தில் பாருங்கள். அவருடைய இழப்பீட்டைத் தீர்மானிக்கும் சட்டம், கேள்வி கேட்க ஆள் குறைந்த அவையில் நிறைவேறிவிட்டது. கோபத்தில் வெளியேறியவரும் அலட்சியத்தில் வராதவரும் அவருக்கு ஒன்றுதான். காலி நாற்காலிக்குக் காரணம் எழுதி வைக்கும் பதிவேடு எங்கும் இல்லை.

மற்ற நாடுகளில்

பிரிட்டனின் மக்கள் சபையில் 1836ஆம் ஆண்டிலிருந்தே டிவிஷனில் வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் அதிகாரப்பூர்வமாக வெளியிடப்படுகிறது. அதற்காக எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 1994 மே மாதம் ஊனமுற்றோர் சிவில் உரிமை மசோதாவை நேரம் முடியும் வரை பேசிப் பேசியே அங்கே முடக்கினார்கள். ஆனால் யார் பேசி முடக்கினார்கள் என்று தெரிந்தது. பொறுப்பு அமைச்சர் நிக்கோலஸ் ஸ்காட்டை அவருடைய சொந்த மகளே வெளிப்படையாக எதிர்த்தார். அவரே ஓர் ஊனமுற்றோர் அமைப்பில் பணியாற்றியவர். பெரும் சர்ச்சை கிளம்பி, அடுத்த ஆண்டே அரசு ஒரு சட்டம் கொண்டு வர வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் 1990 மார்ச் 12 அன்று மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கையூன்றித் தவழ்ந்து ஏறினார்கள். அந்த ஜூலையில் ஊனமுற்றோர் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 377 – 28 என்றும், செனட்டில் 91 – 6 என்றும் நிறைவேறியது. எதிர்த்தவர்களின் பெயர் இன்றும் பதிவில் இருக்கிறது.

அதே செனட்டில் 2012 டிசம்பர் 4 அன்று ஐ.நா. உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் காயமுற்றுக் கை செயலிழந்த முன்னாள் செனட்டர் பாப் டோல், 89 வயதில் சக்கர நாற்காலியில் வந்து அவைக்குள் அமர்ந்தார். வந்த உறுப்பினர்கள் அவரைத் தாண்டித்தான் வாக்களிக்கப் போக வேண்டியிருந்தது. ஆதரவு 61, எதிர்ப்பு 38. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து வாக்கு குறைவு. உடன்படிக்கை தோற்றது. ஆனால் அந்த 38 பேர் ஒவ்வொருவரும் தங்கள் ஊருக்குத் திரும்பிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவில் ஊனமுற்றோர் சட்டங்கள் வென்றன, பெயர்கள் இல்லை. அமெரிக்காவில் ஒரு முறை தோற்றது, பெயர்கள் இருக்கின்றன. எது மேல்? சட்டம் கிடைத்ததே மேல் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து கிடைக்கக் கூடாது என்று யாரும் விதிக்கவில்லை.

ஒருமனதாக என்பதன் மறுபக்கம்

'எல்லோரும் ஆதரிக்கும் மசோதாவுக்கு எதற்கு டிவிஷன், நேரம் வீண்தானே' என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மூன்றரை நிமிட மணி, வாக்களிக்கச் சில நிமிடம், ஆக மொத்தம் பத்து நிமிடம் ஆகும். ஆனால் ஒரு குளிர்காலக் கூட்டத்தொடரில் ஐந்தில் நான்கு பங்கு நேரம் கூச்சலில் போனபோது, ஊனமுற்றோருக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குவதுதான் வீண் என்றால் அந்தக் கணக்கு சரியாக வரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகள். அந்தக் கேள்வியைக் கணக்கெடுப்புப் படிவத்தில் சேர்க்கவே 2001இல் போராட வேண்டியிருந்தது. எண்ணப்படுவது என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. தாங்கள் எண்ணப்படுவதற்குப் போராடிய மக்கள், தங்களுக்காக வாக்களித்தவர்களையும் எண்ண வேண்டும் என்று கேட்டால் அதில் தவறு இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஊனமுற்றோரே அவைக்குள் இருப்பது. 1953 இடைத்தேர்தலில் கல்கத்தா தென்கிழக்குத் தொகுதியில் வென்ற சாதன் குப்தா பார்வையற்றவர். மக்களவைக்குள் நுழைந்த முதல் பார்வையற்ற உறுப்பினர் அவர்தான். அதற்குப் பிறகு அப்படி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டசபை சட்டத் திருத்தம் செய்தது. மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை ஒரு நாற்காலியாவது அவர்களுக்கு என்று ஆகியிருக்கிறது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் கொண்டு வந்த மாநிலம், அந்தச் சொல்லுக்கு உரியவர்களை மன்றத்துக்குள்ளும் கொண்டு வர 15 ஆண்டுகள் ஆயின. தாமதம்தான், ஆனாலும் வந்திருக்கிறது.

1923இல் வடசென்னைத் தொழிலாளிக்கு அவையில் உறுப்பினர் இல்லை. 1957 முதல் இருக்கிறார். அவர் எங்கே கையெழுத்திட்டார் என்பது தெரிகிறது. எப்போது கை தூக்கினார் என்பது இன்னும் தெரியவில்லை. அடுத்த முறை ஊனமுற்றோர் தொடர்பான மசோதா ஒன்று அவைக்கு வரும்போது, 'டிவிஷன்' என்று ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும், மணி அடிக்க வாய்ப்பு உண்டு. அந்த ஓர் உறுப்பினர் தங்கள் தொகுதியிலிருந்து வர வேண்டும் என்று வாக்கு கேட்டு வருபவரிடம் சொல்லிவைக்க, ஸ்டான்லியில் விரலை ஒட்டவைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைந்த இந்தப் பகுதியைவிடப் பொருத்தமான தொகுதி வேறு இருக்க முடியாது.